கால்பந்து ஆவணப்படங்கள்: எங்கிருந்து தொடங்குவது, எப்படிப் பார்ப்பது

கால்பந்து ஆவணப்படங்களின் பக்கம் புதிதாக வரும் ஒருவருக்குப் படங்கள் கிடைப்பதில் சிரமம் இல்லை. எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் திகைப்பதுதான் சிரமம். பெரிய கிளப்புகளின் ஓராண்டுக் கதையைச் சொல்லும் தொடர்கள், ஓய்வுபெற்ற வீரர்களின் வாழ்க்கை வரலாறுகள், உலகக் கோப்பை நினைவுகள் என்று ஓடிடி தளங்களில் அவை குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் பல, நல்ல ஒளிப்பதிவோடு எடுக்கப்பட்ட நீண்ட விளம்பரங்களே. வேறு சிலவோ ஒரு மனிதரையும் அவர் வாழ்ந்த நாட்டையும் காலத்தையும் பற்றி வேறெங்கும் கிடைக்காத சாட்சியத்தைத் தருபவை. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒருவர் கால்பந்து நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கேமராவை உள்ளே வர அனுமதித்தவர் யார், என்ன எதிர்பார்ப்போடு அனுமதித்தார் என்ற கேள்வியை ஒவ்வொரு படத்திடமும் விடாமல் கேட்கும் பழக்கம் இருந்தால் போதும். அந்தப் பழக்கம் கைவருவதற்கு ஏற்ற ஒரு வரிசையில் சில படங்களை இங்கே அடுக்கியிருக்கிறேன்.

முதல் படி: ஆட்டத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

ஆட்ட உத்திகள் எதுவும் தெரியாமலே இப்படங்களில் பெரும்பாலானவற்றைப் பின்தொடரலாம். ஆனால் இரண்டு ஏற்பாடுகளை முன்கூட்டியே புரிந்துகொள்வது நல்லது. ஒன்று, கிளப் வேறு, தேசிய அணி வேறு என்பது. ஒரு வீரர் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் ஒரு கிளப்புக்காக ஆடுகிறார்; அந்தக் கிளப் பெரும்பாலும் அயல்நாட்டில் இருக்கும்; அழைப்பு வரும்போது மட்டும் தம் நாட்டுக்காக ஆடுகிறார். மற்றொன்று, லீக்குகளில் உள்ள ஏற்ற இறக்க முறை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 அணிகள் உள்ளன. சீசன் முடியும்போது கடைசி மூன்று இடங்களில் இருப்பவை கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படுகின்றன, அங்கிருந்து மூன்று அணிகள் மேலே வருகின்றன. இறக்கப்படும் கிளப்பின் வருமானம் சரிகிறது, நல்ல வீரர்கள் விற்கப்படுகிறார்கள், அலுவலக ஊழியர்களின் வேலையே கேள்விக்குறியாகிறது. கோப்பை எதுவும் கிடைக்கப்போகாத ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அரங்கில் பெரியவர்கள் அழுவதை நீங்கள் பார்க்க நேர்ந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த முறையாகத்தான் இருக்கும்.

இதற்கு மேல் ஒன்றை மட்டும் செய்துவிடுங்கள். ஏதாவது ஒரு முழு ஆட்டத்தை, 90 நிமிடமும் ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். கோல் விழாத நீண்ட நேரமும், பந்து வராத இடத்தில் சும்மா நடந்துகொண்டிருக்கும் வீரர்களும், பலனில்லாமல் போகும் பத்துப் பதினைந்து முயற்சிகளும்தான் ஆட்டத்தின் பெரும்பகுதி. ஆவணப்படங்கள் வழக்கமாக வெட்டிவிடுவதும் இவற்றைத்தான் என்பது அப்போது விளங்கும்.

இரண்டாம் படி: முதல் படத்தைத் தேர்ந்தெடுத்தல்

மைக் பிரெட், ஸ்டீவ் ஜேமிசன் ஆகியோர் இயக்கி 2014-இல் வெளிவந்த 'நெக்ஸ்ட் கோல் வின்ஸ்' படத்தைவிடப் பொருத்தமான தொடக்கத்தை என்னால் சொல்ல முடியவில்லை. பசிபிக் பெருங்கடலில் உள்ள சிறிய தீவுக் கூட்டமான அமெரிக்கன் சமோவாவின் அணி, 2001 ஏப்ரலில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் 31-0 என்ற கணக்கில் தோற்றது. பத்தாண்டுகள் கழித்தும் தரவரிசையின் அடிமட்டத்திலேயே கிடக்கும் அந்த அணியைப் படம் பின்தொடர்கிறது. தாமஸ் ராங்கன் என்ற டச்சுப் பயிற்சியாளர் சில வாரங்களில் அணியைத் தயார்செய்ய வந்து சேர்கிறார். அன்று 31 கோல் வாங்கிய கோல்கீப்பர் நிக்கி சலாப்பு, அந்தக் கறையைத் துடைக்கும் ஏக்கத்தோடு மீண்டும் கையுறை அணிகிறார். ஆண் என்றும் பெண் என்றும் முழுதாக வகுக்காத ஃபாஃபாஃபினே என்ற சமோவ மரபைச் சேர்ந்த ஜையா சைலுவா தற்காப்பு வரிசையில் நிற்கிறார். அணியில் எவரும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. 2011 நவம்பரில் டோங்காவை 2-1 என்று வென்றபோது, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் அங்கீகாரம் பெற்ற ஆட்டங்களில் அவர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

முடிவை இங்கேயே சொல்லிவிட்டதால் படம் கெட்டுவிடாது. முடிவு முன்பே தெரிந்திருந்தும் மனம் பதறுகிறதா என்பதுதான் விளையாட்டு ஆவணப்படம் ஒன்றின் தரத்தைக் காட்டும் சோதனை. இப்படத்தில் நமது கேள்விக்கான விடையும் எளிது: இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத ஓர் அணி கேமராவை உள்ளே விட்டிருக்கிறது. அதனால் யாரும் தங்கள் பிம்பத்தைக் காத்துக்கொள்ள முயலவில்லை. இந்த வெளிப்படைத்தன்மையை முதலில் பழகிக்கொண்டால், பின்னால் பார்க்கும் படங்களில் அது குறையும் இடங்கள் தாமாகவே கண்ணில் படும்.

மூன்றாம் படி: கதவைத் திறந்தவரைக் கவனித்தல்

அடுத்ததாக, ஒரு கிளப்போடு ஓராண்டு தங்கி எடுக்கப்பட்ட இரண்டு தொடர்களை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுமே 2017-18 சீசனைப் பற்றியவை, இரண்டுமே 2018-இல் வெளியானவை. மான்செஸ்டர் சிட்டியைப் பற்றிய 'ஆல் ஆர் நத்திங்' தொடரில் பயிற்சியாளர் பெப் குவார்டியோலாவின் அணி 100 புள்ளிகள் எடுத்து பிரீமியர் லீக்கை வெல்கிறது. உடைமாற்றும் அறையில் அவர் வெண்பலகையின் முன் கைகளை வீசிப் பேசும் காட்சிகள் அரிதானவை. பயிற்சியாளரின் வேலை என்னவென்று அறிய விரும்புவோர் அவற்றுக்காகவே பார்க்கலாம். ஆனால் எந்த ஒரு காட்சியும் கிளப்புக்குச் சங்கடம் தருவதில்லை. தோல்விகூட அடுத்த வெற்றிக்கான முன்னுரையாகவே வருகிறது. வெல்லும் கிளப்பின் முழுச் சம்மதத்தோடு எடுக்கப்படும் தொடர் வேறு எப்படியும் இருக்க முடியாது என்பதைக் குறையாகச் சொல்லவில்லை; தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

'சண்டர்லேண்ட் டில் ஐ டை' தொடரும் கிளப்பின் சம்மதத்தோடு எடுக்கப்பட்டதுதான். முந்தைய ஆண்டு பிரீமியர் லீக்கிலிருந்து இறக்கப்பட்ட சண்டர்லேண்ட், இரண்டாம் பிரிவிலிருந்து உடனே மேலேறும் என்ற நம்பிக்கையோடு கேமராக்களை உள்ளே விட்டது. நடந்ததோ நேர்மாறு: பயிற்சியாளர் சைமன் கிரேசன் நீக்கப்பட்டு கிறிஸ் கோல்மன் வந்தும், அணி கடைசி இடத்தில் முடித்து மூன்றாம் பிரிவுக்கு விழுந்தது. திட்டமிட்ட கதை கைநழுவிப் போனதும், தொடரின் பார்வை வீரர்களிடமிருந்து விலகி உணவுக்கூடத்துப் பணியாளர்களிடமும், அலுவலக ஊழியர்களிடமும், தலைமுறை தலைமுறையாக அரங்குக்கு வரும் குடும்பங்களிடமும் செல்கிறது. கப்பல் கட்டும் தொழிலையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் இழந்த ஒரு நகரத்துக்கு எஞ்சியிருக்கும் பொதுச்சொத்து இந்தக் கிளப் என்பதை எந்த நிபுணரும் வந்து விளக்காமலே நாம் உணர்ந்துகொள்கிறோம். இவ்வகைத் தொடர்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால், தயங்காமல் இதைப் பாருங்கள்.

பார்க்கும்போது சில எளிய அடையாளங்களைக் கவனியுங்கள். தொடக்கத்திலோ இறுதியிலோ ஓடும் பெயர்களில் கிளப்போ வீரரின் சொந்த நிறுவனமோ தயாரிப்பாளராக இருக்கிறதா? கிளப் உரிமையாளரிடம் பணத்தைப் பற்றிய கேள்வி ஏதாவது கேட்கப்படுகிறதா? நீக்கப்பட்டவர், விற்கப்பட்டவர், காயத்தால் ஒதுக்கப்பட்டவர் ஆகியோருக்குப் பேச இடம் தரப்படுகிறதா? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லை என்று வந்தால், நீங்கள் பார்ப்பது கிளப்பின் குரல்.

நான்காம் படி: பயிற்சியாளர்களைப் பற்றிய படங்கள்

பயிற்சியாளர்களின் கதைகள் வீரர்களின் கதைகளைவிட எனக்கு நெருக்கமானவை. ஆடுகளத்துக்குள் ஓர் அடிகூட வைக்க முடியாத மனிதர் மீது முழுப் பொறுப்பும் விழுவதை அவற்றில்தான் காண்கிறோம். 1994-இல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய, இங்கிலாந்துப் பயிற்சியாளர் கிரகாம் டெய்லரைப் பற்றிய 'ஆன் இம்பாசிபிள் ஜாப்' இவ்வகையில் முதன்மையானது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின்போது சட்டையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொள்ள அவர் சம்மதித்தார். அணி தகுதி பெறாமல் போனது. ராட்டர்டாமில் நெதர்லாந்திடம் தோற்ற ஆட்டத்தில், ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று அதிகாரிகளிடம் அவர் முறையிடுவதும், வார்த்தை கிடைக்காமல் தவிப்பதும் அப்படியே பதிவாகியுள்ளன. அன்று நாடே அவரைப் பார்த்துச் சிரித்தது. இன்று பார்க்கையில், தாம் தோற்றுக்கொண்டிருப்பதை அறிந்தும் எவரிடமும் தரம்தாழாமல் நடந்துகொள்ள முயன்ற ஒரு நல்ல மனிதரைத்தான் காண்கிறேன். ஒரே படம் காலம் மாறியதும் வேறு பொருள் தருவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இதற்கு எதிர்ப்பக்கமாக, ஸ்டெஃபான் மூனியே எடுத்த 'லே ஸியூ தான் லே ப்ளூ' படத்தைப் பார்க்கலாம். 1998-இல் தன் மண்ணிலேயே உலகக் கோப்பையை வென்ற பிரான்ஸ் அணியோடு அவர் உடனிருந்தார். போட்டி தொடங்கும் முன் பத்திரிகைகளின் கடும் கண்டனத்துக்கு உள்ளாகியிருந்த பயிற்சியாளர் எமே ஜாக்கே, அறைக்குள் தம் வீரர்களிடம் எப்படிப் பேசினார் என்பது இதில்தான் வெளியே தெரிந்தது.

மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் பயிற்சியாளர் சர் அலெக்ஸ் ஃபெர்குசனைப் பற்றி 2021-இல் வந்த 'நெவர் கிவ் இன்' படத்தை இயக்கியவர் அவருடைய மகன் ஜேசன். மகன் எடுத்த படத்தில் தந்தையைப் பற்றிய கடுமையான விசாரணையை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் 2018-இல் மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவுக்குப் பிறகு, நினைவாற்றலை இழந்துவிடுவோமோ என்று அவர் அஞ்சியதை வேறு எந்த இயக்குநரிடம் அவர் அவ்வளவு திறந்து சொல்லியிருப்பார்? நெருக்கம் சில கதவுகளை மூடுவதைப் போலவே சிலவற்றைத் திறக்கவும் செய்கிறது.

ஐந்தாம் படி: வீரர்களின் வாழ்க்கை

ஆசிஃப் கபாடியாவின் 'டியேகோ மரடோனா' 2019-இல் வெளிவந்தது. 1984-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து நாப்போலி கிளப்புக்கு அர்ஜென்டினா வீரர் மரடோனா வந்து சேர்ந்ததிலிருந்து 1991-இல் அங்கிருந்து வெளியேறியதுவரை உள்ள ஆண்டுகளையே இது மையமாகக் கொள்கிறது. மரடோனாவின் அன்றைய முகவர், அவரைப் பற்றி ஒரு படம் எடுக்கும் எண்ணத்தில் ஒளிப்பதிவாளர்களை அமர்த்தியிருந்தார்; அந்தப் படம் நிறைவேறாமல் போக, பதிவுகள் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தன. அப்படிக் கிடைத்த 500 மணி நேரத்துக்கும் மேற்பட்ட காட்சிகளிலிருந்து கபாடியா தம் படத்தைத் தொகுத்தார். நாற்காலியில் அமர்ந்து பேசும் முகங்கள் இதில் இல்லை. நேர்காணல்கள் குரலாக மட்டும் ஒலிக்க, திரையில் அந்தக் காலமே ஓடுகிறது. தன்னைப் புகழ்வதற்காக வந்த கேமரா என்று நம்பி அதன் முன் இயல்பாக வாழ்ந்த ஓர் இளைஞனைத்தான் முப்பது ஆண்டுகள் கழித்து நாம் பார்க்கிறோம். அனுமதி கொடுத்தபோது இருந்த நோக்கமும், படம் இறுதியில் சொல்லும் செய்தியும் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் வேறொரு படத்தை நான் அறியேன்.

1990 உலகக் கோப்பை அரையிறுதி வரும் பகுதியை மட்டும் இரண்டு முறை பாருங்கள். இத்தாலியும் அர்ஜென்டினாவும் மோதிய அந்த ஆட்டம் நேப்பிள்ஸிலேயே நடந்தது. அர்ஜென்டினா பெனால்ட்டி உதைகளில் வென்றது. தம் கிளப்பின் தெய்வம் தம் நாட்டைத் தோற்கடித்த அந்த இரவுக்குப் பிறகு இத்தாலி அவர்மீது வைத்திருந்த பார்வை எப்படித் திரும்பியது என்பது, முதல் படியில் சொன்ன கிளப், தேசிய அணி வேறுபாடு தெரிந்தவருக்கே முழுமையாக உறைக்கும்.

புகழின் உச்சிக்குப் போகாதவர்களின் கதைகளையும் தவறவிடக் கூடாது. அல்யோஷா பவுசே இயக்கிய 'டாம் மீட்ஸ் ஸிஸூ', ஜெர்மனியின் வருங்கால நட்சத்திரம் என்று கருதப்பட்ட தாமஸ் பிராய்ஷை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எதிர்பார்ப்புகள் மெல்லக் கரைய, அவர் இறுதியில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் போய் மகிழ்ச்சியாக ஆடுகிறார். பெரும்பாலான தொழில்முறை வீரர்களின் வாழ்க்கைக்கு மரடோனாவின் கதையைவிட இதுவே நெருக்கமானது.

ஆறாம் படி: நாடுகளின் கதைகள்

இங்கே வந்து சேரும்போது, ஒவ்வொரு படத்துக்கும் முன் அரை மணி நேரம் வரலாறு படித்துவிட்டு உட்காருவது பெரிதும் உதவும். ஸிம்பலிஸ்ட் சகோதரர்களின் 'தி டூ எஸ்கோபார்ஸ்' 2010-இல் வெளிவந்தது. கொலம்பியக் கிளப்புகளுக்குள் போதைப்பொருள் பணம் பாய்ந்த காலத்தை, எஸ்கோபார் என்ற ஒரே குடும்பப் பெயர் கொண்ட, ஆனால் உறவினர் அல்லாத இருவரின் வாழ்க்கை வழியாகச் சொல்கிறது. ஒருவர் கடத்தல்காரர் பாப்லோ. மற்றவர் தேசிய அணியின் தற்காப்பு வீரர் ஆந்த்ரேஸ். 1994 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராக ஆந்த்ரேஸ் தடுக்க நீட்டிய காலில் பட்டுப் பந்து சொந்த வலைக்குள் சென்றது. பத்து நாட்கள் கழித்து மெடலின் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கோலுக்காகத்தான் கொன்றார்கள் என்று ஒரே வரியில் முடிப்பதோடு இப்படம் நிற்கவில்லை. பாப்லோவின் சாவுக்குப் பின் நகரத்தில் யார் கை ஓங்கியது என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது.

டேனியல் கார்டனின் 'தி கேம் ஆஃப் தெயர் லைவ்ஸ்' (2002), 1966 உலகக் கோப்பையில் இத்தாலியை 1-0 என்று வென்ற வட கொரிய அணியில் உயிரோடிருந்தவர்களைத் தேடிச் சென்று பேசுகிறது. கேமராவை உள்ளே விட்டது ஓர் அரசு என்பதை மறக்காமல் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும், அந்த முதியவர்கள் தங்களை ஆரவாரத்தோடு ஏற்றுக்கொண்ட இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரத்தை நினைவுகூர்வதில் பொய் இல்லை. பெலேயைப் பற்றி 2021-இல் வந்த படமும் இந்த வரிசைக்கு உரியது. அவரே ஒத்துழைத்து எடுக்கப்பட்ட படமாக இருந்தும், 1964-இல் பிரேசிலில் ஏற்பட்ட இராணுவ ஆட்சியைப் பற்றி அவர் வாய் திறக்காதது ஏன் என்ற கேள்வியை அது அவர் முன்னாலேயே வைக்கிறது. கத்தார் உலகக் கோப்பைக்கான கட்டுமானப் பணிகளில் இருந்த புலம்பெயர் தொழிலாளர்கள் தமக்குள் ஆடிய போட்டியைக் காட்டும் 'தி ஒர்க்கர்ஸ் கப்' படத்தையும் இதே சூட்டில் பார்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: மறைக்கப்பட்ட ஆட்டங்கள்

பெண்கள் கால்பந்தை இறுதியில் வைத்துவிட்டுப் போகும் பட்டியல்கள் பல. முதல் படத்தை முடித்ததுமே இங்கே தாவி வருவதாலும் எந்தக் குறையும் இல்லை. இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் 1921-இல் தன் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. அரை நூற்றாண்டுக் காலம் அது நீடித்தது. அந்தச் சூழலில் 1971-இல் மெக்சிகோவில் ஆறு நாடுகளின் பெண்கள் அணிகள் ஓர் உலகப் போட்டியில் ஆடின. ஃபிஃபா அதை அங்கீகரிக்கவில்லை. ஆஸ்டெக்கா அரங்கில் ஏறத்தாழ 1,10,000 பேர் கூடியிருந்த இறுதி ஆட்டத்தில் டென்மார்க் மெக்சிகோவை 3-0 என்று வென்றது. மூன்று கோல்களையும் அடித்த சூசன் அகஸ்டசனுக்கு அப்போது வயது 15. ரேச்சல் ராம்சே, ஜேம்ஸ் எர்ஸ்கின் இயக்கிய 'கோப்பா 71' (2023) அந்த வண்ணக் காட்சிகளையும் அன்று ஆடியவர்களையும் ஒன்றுசேர்க்கிறது. ஊருக்குத் திரும்பியபின் கேலிக்கும் புறக்கணிப்புக்கும் ஆளாகி, பல ஆண்டுகள் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டவர்கள் அவர்கள். கேமரா அன்றும் அங்கே இருந்தது. காட்சிகளைத் தேடிப் பார்க்க எவரும் முன்வரவில்லை என்பதே இதில் நெஞ்சைச் சுடும் செய்தி.

எட்டாம் படி: ஒரே ஆட்டத்தில் அமைந்த படங்கள்

இவை எல்லோருக்கும் ஏற்றவை அல்ல. முந்தைய படிகளைக் கடந்தவர்களுக்கே பரிந்துரைக்கிறேன். டக்ளஸ் கார்டனும் ஃபிலிப் பரேனோவும் எடுத்த 'ஸிடான்: எ ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி போர்ட்ரெய்ட்', 2005 ஏப்ரல் 23 அன்று ரியல் மாட்ரிட் வில்லாரியலோடு ஆடிய ஆட்டத்தில் 17 கேமராக்களைக் கொண்டு, ரியல் மாட்ரிட்டுக்காக ஆடிய பிரான்ஸ் வீரர் ஸினதின் ஸிடானை மட்டுமே தொடர்கிறது. கோல் எப்படி விழுந்தது என்பதுகூடச் சரியாகத் தெரியாது. காலணியைத் தரையில் உரசும் பழக்கமும், மூச்சும், தனிமையும் தெரியும். ஆட்டம் முடியும் தறுவாயில் சிவப்பு அட்டை வாங்கி அவர் வெளியேறுவதும் தெரியும். ஜெர்மன் இயக்குநர் ஹெல்முத் கோஸ்தார்த், 1970-இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஜார்ஜ் பெஸ்டை வைத்து இதே முறையை முன்பே செய்து பார்த்திருந்தார்.

ருமேனியாவின் கொர்னேலியு பொரும்போயு எடுத்த 'தி செகண்ட் கேம்' (2014) இன்னும் கடினமானது. 1988 டிசம்பரில் கொட்டும் பனியில் நடந்த ஸ்டாவா, தினமோ ஆட்டத்தின் பழைய தொலைக்காட்சிப் பதிவு முழுமையாக ஓடுகிறது. அதற்கு நடுவராக இருந்த தந்தையும் இயக்குநரான மகனும் பார்த்தபடியே பேசிக்கொள்கிறார்கள். ஒன்று இராணுவத்தின் அணி, மற்றொன்று இரகசியக் காவல்துறையோடு பிணைந்த அணி. வீரர்கள் மோதிக்கொள்ளும்போதெல்லாம் கேமரா பார்வையாளர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. சண்டையைத் திரையில் காட்டக் கூடாது என்பது அன்றைய ஆட்சியின் வழக்கம். கேமரா எதைப் பார்க்க அனுமதிக்கப்பட்டது என்ற கேள்வி இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் எழுவதில்லை.

தேடும்போது கவனிக்க வேண்டியவை

ஒரே பெயரில் வேறு படங்கள் இருப்பதால் வெளியான ஆண்டையும் இயக்குநர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். 'நெக்ஸ்ட் கோல் வின்ஸ்' என்ற பெயரிலேயே 2023-இல் டைக்கா வைட்டிட்டி இயக்கிய கதைப்படம் உண்டு. 'தி கேம் ஆஃப் தெயர் லைவ்ஸ்' என்ற பெயரில் 1950-இன் அமெரிக்க அணியைப் பற்றிய கதைப்படம் 2005-இல் வந்தது. மரடோனாவைப் பற்றி எமிர் குஸ்துரிட்சாவும் 2008-இல் ஒரு ஆவணப்படம் எடுத்திருக்கிறார். அதை கபாடியாவின் படத்துக்குப் பிறகு பார்ப்பது நல்லது. வேற்று மொழிப் படங்களை மொழிமாற்றக் குரலில் பார்க்காமல், மூல ஒலியோடும் வசன வரிகளோடும் பாருங்கள். ஒரு பயிற்சியாளர் தம் வீரரைத் தேற்றும்போது குரல் தாழ்வதும், தோற்ற அணியின் அறையில் எவரும் பேசாதிருப்பதும் மொழிமாற்றத்தில் முதலில் காணாமல் போகின்றன. தொடர்களை ஒரே மூச்சில் முடிக்காமல் ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியில் வந்த ஆட்டத்தின் உண்மையான முடிவையும் புள்ளிப் பட்டியலையும் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். தொகுப்பாளர் எந்த ஆட்டத்தை விட்டுவிட்டார் என்பது அப்போதுதான் தெரியவரும்.